ஏலத்தில் எடுத்த ராணுவ டிரக்: முதலில் பேப்பர், அடுத்து பிரேக்

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 டிரக் ஒன்றை ஏலத்தில் எடுத்து, முறையாகப் பதிவு செய்து, இப்போது இங்கே அமெரிக்காவில் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதே ஆசையில் இருப்பவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது எஞ்சின் எப்படி என்றுதான். எஞ்சின் கவலை கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பேப்பரும் பிரேக்கும்தான் ஆளைப் பாடாய்ப் படுத்துபவை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: எம்35 வரிசை 1950களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டரை டன் டிரக் என்பார்கள். அது கரடுமுரடான தரையில் ஏற்றும் சுமைக் கணக்கு. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கு தாங்கும். பின்னால் இரண்டு அச்சுகளிலும் இரட்டை டயர்கள், ஆக மொத்தம் பத்து. காலி வண்டியே ஆறு டன் பக்கம் வரும். 7.8 லிட்டர் மல்டிஃபியூவல் எஞ்சின். டீசல், விமான எரிபொருள், ஆத்திர அவசரத்துக்குப் பெட்ரோல்கூடக் குடிக்கும். பழைய எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, டீசலோடு சரி.

ஏலப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, வண்டியோடு என்ன ஆவணம் தருகிறார்கள் என்ற வரியை. ராணுவ வண்டிக்குச் சாதாரண டைட்டில், அதாவது உரிமைச் சான்று, கிடையாது. எஸ்எஃப்-97 என்றொரு அரசுப் படிவம் தருவார்கள். அதைக் காட்டித்தான் உங்கள் மாநிலத்தில் டைட்டில் வாங்க வேண்டும். சில வண்டிகளுக்கு வெறும் விற்பனை ரசீதுதான். சில படிவங்களில் சாலைக்கு வெளியே மட்டும் ஓட்டலாம் என்று அச்சடித்தே வரும். எதை ஏற்பார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் கேட்க வேண்டியதை ஏலம் கேட்பதற்கு முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்வை நாள் இருந்தால் நேரில் போவது நல்லது. நான் போனபோது பெயின்ட் பக்கமே திரும்பவில்லை. டேஷ்போர்டில் ரிவெட் அடித்திருக்கும் தகடுகளைத்தான் முதலில் படித்தேன். அங்கே வரிசை எண் இருக்கும். பணிமனையில் முழுசாகப் பிரித்துக் கட்டிய வண்டியென்றால் அந்த விவரத்துக்குத் தனித் தகடும் இருக்கும். ஓடோமீட்டரை நம்புவதைவிட அந்தத் தகட்டை நம்பலாம். அப்புறம் டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறி. 2000க்குப் பிறகு வந்தவற்றில் கடைசி நான்கு இலக்கம்தான் தேதி: அதில் முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பதையும், அடுத்த இரண்டு எந்த வருடம் என்பதையும் சொல்லும். மூன்றே இலக்கம் என்றால் அது போன நூற்றாண்டு டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல் தெரிந்தாலும் பத்து டயரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏலம் முடிந்ததும் பணம் கட்டுவதற்கும் வண்டியை எடுப்பதற்கும் கெடு உண்டு. தாண்டினால் வண்டி நிற்கும் இடத்துக்கு வாடகை ஏறும். படிவமோ நிதானமாக வரும். நம்பர் பிளேட் இல்லாத, பிரேக் எப்படியென்று தெரியாத வண்டியை ஓட்டி வருவதாவது! தாழ்வான டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன்.

பதிவு அலுவலகத்தில் கணினி 17 எழுத்து வாகன அடையாள எண் கேட்டு அடம்பிடித்தது. அந்த முறை 1981 மாடலிலிருந்துதான் வந்தது. என் வண்டி அதற்கு முந்தியது, எண் சிறியது. கவுன்டரில் இருந்தவர் முன்னால் பூஜ்யங்களைச் சேர்க்கட்டுமா என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தகட்டில் ஒன்று, டைட்டிலில் வேறொன்று என்றானால் பிறகு விற்கவே முடியாது. மேலதிகாரி வந்து பழைய வண்டிக்கான வழியைத் திறந்தார். ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து தகட்டையும் படிவத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே டைட்டில் கிடைத்தது.

இனி பிரேக். மிதியை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, ஆறு பிரேக் டிரம்முக்கும் ஒரே ஹைட்ராலிக் பாதை. காற்றழுத்தம் மிதிக்கு உதவி செய்கிறதே தவிர, அது தனி பிரேக் அல்ல. எங்கோ ஒரு குழாயில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மிதி தரைவரை போய்விடும். கைபிரேக்கோ டிரைவ் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒற்றை டிரம்தான். நிறுத்தி வைக்க உதவும், ஓடும் ஆறு டன்னை அதை நம்பி விடக்கூடாது. அதனால் ரப்பர் குழாய்கள், வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்றி, மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டைப் பாதை உள்ளதாக மாற்றிவிட்டேன். சக்கரம் கழற்றும்போது ஒன்று: இடப்பக்க நட்டுகளுக்கு மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கினால் போல்ட்தான் முறியும். 1980களிலிருந்து ராணுவம் சிலிகான் பிரேக் திரவத்துக்கு மாறியது. உள்ளே எது இருக்கிறது என்று பார்க்காமல் கடையில் கிடைப்பதை மேலே ஊற்றாதீர்கள், இரண்டும் கலக்காது.

ஓட்டுவது தனி சுகம். சாவி கிடையாது. ஒரு நெம்புகோலைத் திருப்பியதும் காற்று ஏறும்வரை பஸ்ஸர் காதைக் கிழிக்கும். பட்டனை அழுத்தினால் எஞ்சின் பிடிக்கும், குமிழை இழுத்தால் நிற்கும். வைப்பர்கூடக் காற்றில்தான் ஓடுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாததால், நின்ற இடத்தில் திருப்ப முயன்றால் தோள்பட்டை கழன்றுவிடும். கொஞ்சம் உருள விட்டுத் திருப்ப வேண்டும்.

காப்பீடுதான் கடைசிப் படி. வழக்கமான நிறுவனங்கள் வண்டியின் பெயரைக் கேட்டதுமே கையை விரித்தன. பழைய வண்டிச் சேகரிப்பாளர்களுக்கான பாலிசி கிடைத்தது. தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. சாவியே இல்லாத வண்டியை எப்படிப் பூட்டுவீர்கள் என்று கேட்டார்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சையும், ஸ்டியரிங்கில் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பதையும் படம் எடுத்து அனுப்பினேன். அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.