பாம்புக்குப் பார்வை மந்தம்

மணலில் அசையாமல் நிற்கிறது கடல் இகுவானா என்ற பெரிய பல்லியினத்தின் குஞ்சு ஒன்று. பாம்பு பக்கத்திலேயே ஊர்ந்து வருகிறது.

2016-இல் வந்த 'பிளானட் எர்த் 2' என்ற பிபிசி இயற்கை ஆவணத் தொடரின் காட்சி, இன்று மறுபடி பார்த்தேன். இடம், பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பெர்னாண்டினா தீவு.

வர்ணனை செய்யும் டேவிட் அட்டன்பரோ முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: பாம்புக்குப் பார்வை மந்தம், ஆனால் அசைவு தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தக் குஞ்சோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

வர்ணனையாளரின் குரல்வளமெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான். எதை, எப்போது சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1979-இல் வந்த அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' தொடரில், ருவாண்டா மலைக்காட்டில் கொரில்லாக்கள் நடுவே அவர் பேசவேண்டியிருந்தது கட்டைவிரலைப் பற்றி. மற்ற விரல்களைத் தொட வளையும் கட்டைவிரல் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டும். கிட்டே போனதும் அதை விட்டுவிட்டார். கொரில்லாவோடு கண்ணும் கண்ணும் சந்திக்கும்போது தெரிகிற புரிதலைப் பற்றிக் கிசுகிசுத்தார்.

ஆனால் பல படங்களில் "மரணப் போராட்டம்!" என்று ஒரே கத்தல். கண்ணுக்குத் தெரிவதையே திரும்பச் சொல்கிறார்கள். பொறுக்காமல் ஒலியை அணைத்துவிடுகிறேன்.

அந்த விலங்கு ஏன் அப்படிச் செய்கிறது என்பது மட்டும் கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. அதுதான் ஆதங்கம்.