காளி கண்டகிக் கரையில் ஒரு விடியற்காலை

எங்கள் வீட்டில் பெருமாளாக வணங்கும் சாளக்கிராமக் கல்லுக்கு அப்பா நாள் தவறாமல் திருமஞ்சனம் செய்வார். "கண்டகியில் பிறந்த பெருமாள்" என்பார். அவர் அந்த ஆற்றைப் பார்த்ததே இல்லை. அவர் காலமான மறு ஆண்டு, ஐப்பசியில், நான் போனேன்.

நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில், திபெத் எல்லையை ஒட்டிப் பிறந்து தெற்கே இறங்குகிறது காளி கண்டகி. ஜோம்சோமில் அது ஆறு என்பதைவிடக் கல்வெளி. அகன்ற சாம்பல் நிறப் படுகை. அதில் இழை இழையாகப் பிரிந்தும் கூடியும் ஓடும் கறுத்த நீர். இருபுறமும் மரமற்ற பழுப்பு மலைகள். தெற்கே போகப் போக, 8167 மீட்டர் தௌலாகிரிக்கும் 8091 மீட்டர் அன்னபூர்ணாவுக்கும் நடுவே புகுந்து ஓடுகிறது. இமயம் எழ எழ இந்த ஆறு அதை அறுத்துக்கொண்டே வந்தது என்கிறார்கள் நிலவியலாளர்கள்.

முற்பகலில் தெற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும்; பிறகு மணல் கண்ணைத் திறக்க விடாது. அதனால் காக்பேனியில் விடியும்போதே படுகையில் இறங்கினேன். முக்திநாத்திலிருந்து வரும் ஓடை கண்டகியில் கலக்கும் இடம் அது; பித்ரு காரியத்துக்கு உரிய தலம். எள்ளும் நீரும் இறைத்தபோது விரல்கள் மரத்துப்போயின. அப்பா பெயரைச் சொல்லும்போது குரல் வரவில்லை.

கரையில் உடைந்த கறுப்புக் கல் ஒன்றுக்குள், சாளக்கிராமத்தில் காணும் சக்கரம் தெரிந்தது. இமயம் எழுமுன் அங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்னும் உயிரின் சுவடு அது. கடலே மலையாகி, அந்த மலையிலிருந்து ஆறு எடுத்துவந்து தரும் சக்கரம் என்று அறிந்தபோது என் கைகள் தாமாகக் குவிந்தன.

பிறகு 3700 மீட்டர் உயரத்து முக்திநாத். திருமங்கையாழ்வார் சாளக்கிராமம் என்று பாடிய திவ்ய தேசம் இதுவே என்பது நம் மரபு. கோயிலின் 108 நீர்த் தாரைகளிலும் தலை நனைத்தேன். இங்குள்ள பெருமாளைப் பௌத்தர்களும் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். பக்கத்தில் நின்ற திபெத்தியப் பாட்டியின் உதடுகளும் என் உதடுகளைப் போலவே முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

ஒரு செம்பு கண்டகி நீர் கொண்டுவந்தேன். ஊர் திரும்பிய மறுநாள், அப்பாவின் தாம்பாளத்தில் பெருமாளை எழுந்தருளப் பண்ணி, அந்த நீரை வார்த்தேன். ஈரம் பட்டதும், ஆற்றில் பார்த்த அதே கறுப்பு.