கடை திறந்தாச்சா?

காலை ஏழு மணி மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து அப்பாவிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான். "இன்னும் ஷட்டரே தூக்கலம்மா" என்றால் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டும். "திறந்தாச்சு" என்றால் அவரே போட்டுக்கொள்வார். பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. போடியில் 38 வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர், வியாதிக்கும் கடைப் பேச்சுதான்.

நான் படித்தது பி.காம். மூளையைப் பற்றிப் படிக்க வைத்தது ஒரு முட்டை தோசை. ஒரு நாள் தாமதமாக எழுந்து, மாத்திரையையும் தோசையையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டேன். ஒன்பதரை ஆகியும் கடை திறக்கவில்லை. குளியலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார். "வலது கால்ப்பா, வலது கால்" என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் என் காலைக் குறுக்கே நீட்டினேன். அதைத் தாண்ட மட்டும் கால் எழுந்தது!

டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாத்திரையில் இருக்கும் லெவோடோபா ஒரு அமினோ அமிலம். முட்டை, பருப்பு செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வழியாகத்தான் குடலைத் தாண்டி, அப்புறம் மூளைக்குள் போக வேண்டும். கூட்டத்தில் மாத்திரை வெளியே நின்றுவிட்டது. இந்த வியாதியில் மூளையில் குறைந்துபோவது டோபமைன், உடலை அசைக்க நரம்புகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சரக்கு. நேரடியாக அதையே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாதாம். லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும்.

மாறினால் போதுமா? பொட்டலம் கட்ட வேண்டும். நரம்பின் முனையில் குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20,000 பைகளை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியவை. அவற்றுக்குள் டோபமைன் நிரம்பிக் காத்திருக்கும். நரம்பு வழியே மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் கால்சியம் உள்ளே பாயும். பை முனையின் சவ்வோடு ஒட்டித் திறந்து, சரக்கை வெளியே கொட்டிவிடும். எதிரே இருக்கும் நரம்பு அதை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை முதல் நரம்பே திரும்ப உறிஞ்சி மறுபடி பையில் போட்டுக்கொள்ளும். அப்பாவும் தராசில் சிந்திய பருப்பை அப்படித்தான் கூட்டி அள்ளி மூட்டையில் போடுவார்.

பெர்னார்ட் கட்ஸ் என்பவர் 1950-களில் தவளையின் தசையில் நரம்பு சேரும் இடத்தை அளந்து பார்த்தார். அங்கே வருவது அசிட்டைல்கோலின் என்ற வேறு சரக்கு. அது தண்ணீர் மாதிரி ஒழுகவில்லை, முழுப் பொட்டலங்களாகத்தான் வருகிறது, அரைப் பொட்டலம் என்ற பேச்சே இல்லை என்று கண்டார். 1970-இல் நோபல் பரிசு. அப்பாவிடம் சொன்னேன். "பின்னே, கையிலயா அள்ளிக் குடுப்பாங்க?" என்றார்.

எனக்கு இன்னும் பிடித்தது முயல் கதை. நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து, டோபமைன் பைக்குள் போவதையே தடுத்துவிடும். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-இல் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசையாமல் கிடந்தன. லெவோடோபாவின் இனமான டோபாவைக் கொடுத்ததும் எழுந்துவிட்டன. இன்று அப்பா விழுங்கும் மாத்திரைக்கு வழி போட்டது அந்த முயல்கள்தான்.

முதல் இரண்டு வருடம் மூன்று வேளை மாத்திரையே போதுமாக இருந்தது. ஒரு வேளை பத்து நிமிடம் தள்ளிப்போனாலும் தெரியாது. அப்போது டோபமைனைக் கட்டிவைக்க நரம்பு முனைகள் ஓரளவு மிச்சம் இருந்தன. இப்போது அவை குறைந்துகொண்டே வருகின்றன. குடோன் சுருங்கிவிட்டதால், வந்த சரக்கு வந்த வேகத்தில் தீர்ந்துபோகிறது. ஐந்து வேளை கொடுக்கிறேன். போனில் ஐந்து அலாரம்; அலுவலகத்தில் மீட்டிங் நடுவே அடித்தால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கடை நன்றாகத் திறந்திருந்தது. பழைய செய்தித்தாளும் சணலும் கொண்டுவரச் சொன்னார். கால் கிலோ துவரம்பருப்பைக் கொட்டி, நாலு மூலையும் மடித்து, இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் கத்தரிக்கோலை நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. சணலை விரலில் ஒரு சுண்டு சுண்டி அறுத்துவிட்டு, "அடுத்து யாரு?" என்றார்.