பாட்டிலை நசுக்காதே

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகருக்கு வந்த மூன்றாவது நாள். தண்ணீரைக் குடித்து முடித்ததும் கை தானாகவே பாட்டிலை முறுக்கி நசுக்கியது. ரயில் பயணங்களில் வந்த பழக்கம். நம் ஊர் பாட்டில்களில் 'குடித்ததும் நசுக்கிவிடவும்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்குமே, அதேதான். காலி பாட்டிலில் யாரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விற்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

மாணவர் விடுதிச் சமையலறையில் நின்றிருந்த பக்கத்து அறைப் பெண் பதறிவிட்டாள். "இருபத்தைந்து சென்ட்!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலும் டின்னும் வாங்கும்போதே 25 சென்ட், அதாவது கால் யூரோ, முன்பணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பெயர் ஃபாண்ட். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டில்களுக்கு 2003 முதல் இந்த முறை. காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் இயந்திரத்தின் வாய்க்குள் கொடுத்தால், அது பாட்டிலை உருட்டி உருட்டிப் பார்த்து, பார்கோடைப் படித்து, சீட்டு தரும். கல்லாவில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். கழுவி மறுபடி நிரப்புகிற பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். அண்ணாச்சி கடையில் சோடாவை வீட்டுக்கு எடுத்துப் போக முன்பணம் கேட்பார்களே, அதற்கு மெஷின் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் தரும் முறையைக் கொண்டுவந்தபோது இந்த மெஷின்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நசுங்கிய பாட்டிலை மெஷின் மூன்று முறை வெளியே துப்பியது. பின்னால் வரிசை. ஓரமாக ஒதுங்கி, பலூன் ஊதுவதுபோல் பாட்டிலுக்குள் ஊதினேன். 'டப்' என்று வயிறு வெளியே வந்தது. நான்காவது முறை ஏற்றுக்கொண்டது. அன்றைய மாணவ பட்ஜெட்டில் 25 சென்ட்டுக்கு ஒரு பன் வந்துவிடும், அதனால் வெட்கமெல்லாம் படவில்லை.

நான் இருந்தது வோபான் பகுதி. 1992 வரை பிரெஞ்சு ராணுவ முகாமாக இருந்த இடம். அந்தப் பழைய ராணுவக் கட்டடங்கள் சிலவற்றில்தான் மாணவர் விடுதி. பல வீடுகளின் முன்னால் கார் நிறுத்த இடமே கிடையாது. கார் வேண்டுமென்றால் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள கட்டடத்தில் காசு கொடுத்து நிறுத்த வேண்டும். ட்ராம் வாசலுக்கே வரும். நான் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் அப்புறம், டிக்கெட் காசு மிச்சம் என்பதுதான் முதல் காரணம்.

குப்பைதான் பெரிய பாடம். காகிதத்துக்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒரு தொட்டி, மிச்சத்துக்கு ஒன்று, கண்ணாடியை நிறம் பார்த்துத் தெருமுனையில் போட வேண்டும். பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள் பை. நம் ஊரில் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கத்தான் மஞ்சப்பை, இங்கே பிளாஸ்டிக்கைப் போடவே மஞ்சள் பை! இந்த வேடிக்கையை பக்கத்து அறைப் பெண்ணிடம் விளக்க அரை மணி நேரம் ஆனது. அவள் சிரிக்கவில்லை. கறிவேப்பிலைக் காம்புகளை அதன் பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து காய்கறித் தொட்டியில் போட்டிருந்தேன், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்தில் ஜன்னல் சண்டை. சாம்பார் தாளித்த வாசனை போக ஜன்னலை லேசாகச் சாய்த்துவிட்டு நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவேன். ஹீட்டர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். "ஐந்து நிமிடம் முழுசாகத் திற, பிறகு முழுசாக மூடு" என்பது அவள் கட்டளை. சுவர் சூடு போகாது, காற்று மட்டும் மாறும். அந்த ஐந்து நிமிடம் பற்கள் தந்தியடிக்கும். ஆனால் அடுத்த நிமிடமே அறை மறுபடி கதகதப்பாகிவிடுவது உண்மைதான்.

ஒருநாள் அவளே கேட்டாள்: "குழாய்த் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பாட்டில் வாங்குகிறாய்?" பதில் இல்லை. குழாயை நம்ப எனக்கு நான்கு மாதம் பிடித்தது. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு வயிறு என்ன சொல்கிறது என்று இரவு முழுக்கக் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கியதில்லை, 25 சென்ட் வேட்டையும் முடிந்தது.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது எழும்பூரில் திருநெல்வேலி ரயில் ஏறினேன். வாங்கிய தண்ணீர் விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. பழைய பழக்கத்தில் பாட்டிலை முறுக்கப் போனேன். எதிர் சீட்டில் இருந்த ஆச்சி கையை நீட்டினார்.

"எய்யா, அத நசுக்கிராத. இங்க தா. எண்ணெய் ஊத்தி வைக்க ஆகும்."