பழைய அம்ப்ளிபயரோடு ப்ளூ-ரே இயக்கியை இணைத்த அனுபவம்

லண்டனில் இருக்கும் சித்தப்பா, தான் பாவித்த ஹோம் தியேட்டர் அம்ப்ளிபயரையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒரு சப்வூஃபரையும் கப்பல் பெட்டியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வைத்தார். இரு நாடுகளிலும் மின்சாரம் 230 வோல்ற் என்பதால் மின்மாற்றி தேவைப்படவில்லை. கனடாவிலிருந்து வரும் 120 வோல்ற் சாதனமாக இருந்திருந்தால் அதையும் தேடவேண்டியிருந்திருக்கும்.

படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கடத்தும் எச்டிஎம்ஐ துளை அம்ப்ளிபயரில் கிடையாது. எங்கள் ப்ளூ-ரே இயக்கியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ, டிஜிட்டல் ஒலிக்கான செம்மஞ்சள் நிறக் கோஅக்சியல், சிவப்பு வெள்ளைத் துளைகள் ஆகிய மூன்றும் இருந்தன. சிவப்பு வெள்ளை வயர் இரண்டு தடங்களை, அதாவது இரண்டு ஸ்பீக்கர்களுக்கான தனித்தனி ஒலிகளை, மட்டுமே கடத்தும். இறுவட்டில் ஆறு தடங்கள் பதிவாகியிருந்தாலும் அவை இரண்டாகச் சுருங்கித்தான் வெளிவரும். ஆகவே படத்துக்கு எச்டிஎம்ஐ வயரை நேரே ரிவிக்கும், ஒலிக்குக் கோஅக்சியல் வயரை அம்ப்ளிபயருக்கும் கொடுப்பதென்று தீர்மானித்தேன். கோஅக்சியலுக்கென்று விற்கும் வயர் கடைகளில் கிடைக்கவில்லை. ஆனால் வீடியோவுக்குப் பாவிக்கும் மஞ்சள் முனை வயரும் அதே 75 ஓம் வகைதான் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது.

உண்மையான வேலை இதற்குப் பிறகே தொடங்கியது. வயர்கள் எல்லாம் சரியாகப் பூட்டப்பட்டிருந்தும், ஒலி முன்னாலுள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் மட்டுமே வந்தது. எச்டிஎம்ஐயில் இணைந்திருக்கும் ரிவி இரண்டு தடங்களையே ஏற்கும் என்று அறிந்துகொண்டு, இயக்கி தானாகவே ஒலியை அதற்கேற்பச் சுருக்கி பிசிஎம் (இயக்கியே விரித்துக் கொடுக்கும் டிஜிட்டல் ஒலி) வடிவில் அனுப்பிக்கொண்டிருந்ததே காரணம். இயக்கியின் அமைப்புகளுக்குள் சென்று, டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (இறுவட்டில் உள்ள ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று மாற்றி, மெனுச் சத்தம், விளக்கவுரை போன்ற துணை ஒலியைக் கலக்கும் தெரிவையும் நிறுத்தியவுடன், அம்ப்ளிபயரின் முகப்பில் ‘டொல்பி டிஜிட்டல்’ என்ற பல தட ஒலி வடிவத்தின் பெயர் எழுத்து ஒளிர்ந்தது. அந்த எழுத்தைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம் என்று இதே வேலையில் இறங்கும் எவருக்கும் அழுத்திச் சொல்வேன். டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஓடியோ ஆகிய உயர்தர வடிவங்கள் கோஅக்சியல் வழியே செல்லமாட்டா. என்றாலும் அவை உள்ள ப்ளூ-ரே இறுவட்டுகளில் சாதாரண டொல்பி அல்லது டிடிஎஸ் வடிவமும் சேர்ந்தே இருப்பதால், இயக்கி அதை அனுப்பிவிடுகிறது.

ஸ்பீக்கர் வயர்களைப் பூட்டும்போது பிளக்கைக் கழற்றி வைத்திருந்தேன். இரு முனைகளின் செப்பு இழைகள் ஒன்றோடொன்று தொட்டால் அம்ப்ளிபயர் பழுதாகிவிடக்கூடும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்து மெலிந்துவிடும் என்பதால், வயரில் கோடு போட்ட பக்கத்தை எல்லா இடத்திலும் சிவப்புக்கே கொடுத்தேன்.

பின்னர் கதிரையிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து அம்ப்ளிபயரில் பதிந்தேன். ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர்தான் செல்லும். எங்கள் வீட்டு ஹோல் நீளமானது என்பதால் முன்னும் பின்னும் உள்ள தூர வித்தியாசம் காதுக்குத் தெரிந்தது. ரிவி படத்தைச் சீர்படுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தினால் உதட்டசைவுக்கு முன்பே வசனம் கேட்டது. அம்ப்ளிபயரில் ஒலியைச் சற்றுத் தாமதிக்கும் வசதி இருந்ததால் அதுவும் சரியானது.

கோயில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரிகளின் இறுவட்டுகளைத்தான் அப்பா அதிகம் போடுவார். அவை இரண்டு தடப் பதிவுகள். அம்ப்ளிபயர் அவற்றைச் செயற்கையாக ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பரப்பியபோது, “தவில் முதுகுக்குப் பின்னாலை கேக்கக் கூடாது தம்பி, மேளம் முன்னாலை இருக்கவேணும்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். றிமோட்டில் ‘ஸ்டீரியோ’ பொத்தானை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். கச்சேரிக்கு அதையும், படத்துக்கு மற்றதையும் இப்போது அவரே மாற்றிக்கொள்கிறார்.