குழாய்த் தண்ணீர்: ஹ்வாங்கே நாட்குறிப்பு

அக்டோபர் 19, 2023, வியாழன்

ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்கா. மெயின் கேம்ப் வந்து சேரும்போது மணி மூன்று. காருக்குள் 39 டிகிரி காட்டியது. பையைக்கூடப் பிரிக்காமல் நேராக நியாமண்ட்லோவு குட்டைக்குப் போய்ப் பரணில் ஏறி உட்கார்ந்தேன். யானைகளை அறுபது வரை எண்ணினேன். அதற்குள் மரங்களுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கூட்டம் புழுதியோடு வந்தது, எண்ணிக்கை போய்விட்டது.

அதில் ஒருத்திக்கு இடது காது பாதி கிழிந்து தொங்குகிறது. கூடவே ஒரு கன்று. தாயின் வயிற்றுக்கடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. அப்படியென்றால் இன்னும் ஒரு வயது ஆகவில்லை.

அக்டோபர் 20

வந்தார்கள். இருவரும்.

அக்டோபர் 21, சனி

காலை ஏழிலிருந்து சாயங்காலம் வரை பரணிலேயே. இவ்வளவு பெரிய குட்டை இருந்தும் எல்லா யானைக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் அந்த ஒரு மூலைதான் வேண்டும். அங்கேதான் தண்ணீர் தெளிவு. பெரியதுகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு மற்றதை நெருங்க விடுவதில்லை. கிழிந்த காதுக்காரி நாற்பது நிமிஷம் ஓரமாகக் காத்திருந்தாள். கடைசியில் கன்று சேற்றுத் தண்ணீரையே வாய் வைத்துக் குடித்தது. துதிக்கையால் உறிஞ்ச அதற்கு இன்னும் தெரியவில்லை.

இது கலஹாரி மணல். மழை பெய்தால் மேலே நிற்காது. 14,600 சதுர கிலோமீட்டர் காட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. முன்பெல்லாம் கோடை வந்தால் யானைகள் கிளம்பிப் போய்விடுமாம். 1928இல் இங்கே முதல் வார்டனாக வந்த டெட் டேவிசன்தான் 1930களில் ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்தார். தண்ணீர் வந்தது, யானைகள் தங்கிவிட்டன. இப்போது ஏறக்குறைய 45,000. இத்தனை உயிரும் நம்பியிருப்பது குழாயை. இருங்கள் என்று கூப்பிட்டது மனிதர்கள். அப்புறம் ஒருநாள் மோட்டார் நின்றால் யார் பொறுப்பு? படுத்தபிறகும் அந்தத் தண்ணீர் விழும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 22

வரவில்லை.

அக்டோபர் 23

ஐந்தரை மணிக்கு வந்தார்கள். கன்று பால் குடிக்கப் போகிறது, விடுகிறது, மறுபடி போகிறது. நான்கு முறை பார்த்தேன். தாய்க்கு விலா எலும்பு தெரிகிறது.

வனக்காவலர் ஒருவர் பரணுக்கு வந்தார். தாகத்தில் சாவதைவிடப் பசியில் சாவதுதான் அதிகம் என்றார். குட்டையைச் சுற்றி இலை, பட்டை எல்லாம் தின்று தீர்ந்துவிட்டது. தீனிக்குத் தூரம் போகவேண்டும், தண்ணீருக்குத் திரும்பவேண்டும். பெரியது நடந்துவிடும். பால் வற்றினால் கன்றால் முடியாது. 2019இலும் இப்படித்தான் மழை தள்ளிப்போனது, ஜிம்பாப்வேயில் 200க்கும் மேல் செத்தன. அவர் அந்த வருஷமும் இங்கேதான் வேலையில் இருந்தாராம். அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

‘நியாமண்ட்லோவு’ என்றால் என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டேன். இந்தெபெலே மொழியில் யானை இறைச்சி.

அக்டோபர் 24

மேற்கே மேகம். நாலு மணிக்கு இல்லை.

அக்டோபர் 25

சிக்னல் கிடைத்தது. அக்காவிடம் பேசினேன். ரிப்போர்ட் திங்கள்கிழமைதான் வருமாம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றாள். நன்றாக என்றால் எவ்வளவு என்று கேட்டேன். “நீ அங்கே நிம்மதியா இரு” என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 28, சனி

மசூமா அணை. இடம் முன்பே பதிவு செய்துவிட்டதால் கிளம்பவேண்டியதாயிற்று. ஷும்பா வழியாக வரும்போது பாதி தூரம் திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பௌர்ணமி. விளக்கே தேவையில்லை. கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் அணை முழுவதும் தெரிகிறது. இரவு எட்டு மணிக்குமேல் சரிவில் யானைகள் இறங்கத் தொடங்கின. இத்தனை பெரிய உடம்பு, காலடிச் சத்தமே இல்லை. தண்ணீரைக் கண்டதும் கடைசி ஐம்பதடி ஓடுகின்றன, கன்றுகளும் காதை விரித்துக்கொண்டு கூடவே. அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

பத்து மணிக்கு நிலாவின் ஓரத்தில் சின்னதாகக் கருப்பு. பகுதிக் கிரகணம். நீர்யானைகள் உறுமிக்கொண்டே இருந்தன. இவ்வளவு அழகு, எனக்கோ நினைப்பெல்லாம் அந்தக் கிழிந்த காது. இன்று அவளுக்குக் குழாய்ப் பக்கம் இடம் கிடைத்திருக்குமா?

அக்டோபர் 30, திங்கள்

சிக்னல் இல்லை. மசூமாவில் இன்னும் ஓர் இரவு.

அக்டோபர் 31

திரும்பும் வழியில் கழுகுகள். மரம் முழுக்கக் கழுகுகள். வண்டியை நிறுத்தினேன். சாலையிலிருந்து முப்பதடி தள்ளிக் கிடந்தது. சின்ன யானை, ஆனால் வயிற்றுக்கடியில் நுழையும் அளவு சின்னது இல்லை. மூன்று நான்கு வயது இருக்கும். அது இல்லை, அது இல்லை என்று சத்தமாகவே சொன்னேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. இதற்கும் ஒரு தாய் எங்கேயோ நிற்கிறாள்.

மெயின் கேம்ப். அக்காவிடமிருந்து ஒரே வரி: “நேரில் பேசலாம், டாக்டர் வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்.”

நவம்பர் 1

அவள் வந்தாள். பொழுது சாயும் நேரம், புழுதி, கூட்டத்தில் ஐம்பது யானைகளுக்குமேல். காது தெரிந்தது. கீழே கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டே இருந்தேன், பைனாகுலர் கை நடுக்கத்தில் நிற்கவில்லை. ஒரு நொடி ஏதோ சின்னதாக அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் கேம்ப்புக்குத் திரும்பவேண்டிய நேரம் ஆகிவிட்டது.

காலையில் கேட் திறந்ததும் போகிறேன்.