ஊசி நாள் வரைக்கும்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்று வாரமாகப் பையிலேயே இருக்கிறது. நான்காக மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது. போன முறை ஊசி குத்தி முடித்த பிறகு நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தேன். கண் விழித்தபோது, "இவ்வளவு பெரிய ஆளு, இதுக்குப் போயா?" என்றார் ஒருவர். ஊசியின் வலி மறந்துவிட்டது, அந்தச் சொல் மறக்கவில்லை.

ஜூன் 4, புதன்

இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மற்ற பயங்களில் இதயம் படபடத்துக்கொண்டே இருக்கும். ஊசியைக் கண்டால் சிலருக்கு முதலில் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதால்தான் மயக்கம். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அம்மா நினைவுக்கு வந்தாள். எனக்கு ஊசி போடும்போதெல்லாம் அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் சொல்லித் தந்த பயிற்சி இது. 1980களில் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கிய முறை. கை, கால், வயிறு மூன்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். 10 முதல் 15 நொடியில் முகத்தில் லேசாகச் சூடு பரவும். அப்போது விட்டுவிட்டு 20, 30 நொடி சும்மா இருக்க வேண்டும். இப்படி 5 முறை. இறங்கப் பார்க்கும் ரத்த அழுத்தத்தை இது தூக்கிப் பிடிக்கிறது. "உடம்பைத் தளர்த்திக்கோ" என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் சொன்னார்கள். மயங்கி விழுபவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது நேர் எதிரானது!

ஜூன் 7, சனி

காலை, மதியம், இரவு என்று பயிற்சி. ஊசியின் படத்தையும் பார்த்துப் பழகுகிறேன். நேற்று இரண்டு நொடி, இன்று ஒரு நிமிடம்.

ஜூன் 9, திங்கள்

முடிந்தது.

ஒரு மணி நேரம் முன்பே, டாக்டர் எழுதித் தந்த மரத்துப்போகச் செய்யும் களிம்பை முழங்கை மடிப்பில் தடவி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டேன். எடுத்தபோது அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நிறையக் குடித்திருந்தேன்.

உள்ளே போனதும், "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். சிஸ்டர் உடனே கட்டிலைக் காட்டினார். "குத்தும்போது சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரைக் கும்பிடலாம். வேண்டாம் என்றேன். ஊசி போடும் கையைத் தளர விட்டு, கால்களையும் வயிற்றையும் இறுக்கினேன். ஸ்பிரிட் வாசனை வந்ததும் காதுக்குள் அந்தப் பழைய இரைச்சல் எழுந்தது. இறுக்கிக்கொண்டே இருந்தேன். இரைச்சல் மெல்ல அடங்கியது.

"பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்றார். அப்போதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுந்து நடந்தேன். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.